பொற்றாமரையும் அக்காமடேட்டும்: லத்தீன் படித்த ஒன்பது மாதக் குறிப்பு

பாளையங்கோட்டையில் ஒரு பொதுக் காப்பீட்டு அலுவலகத்தில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. பாலிசிதாரருக்கு, சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்கு, மேல் அலுவலகத்துக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கடிதம் போகும். எல்லாம் ஆங்கிலம். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன். இருபது வருடத்தில் கடிதத்தின் வார்ப்பு கைக்கு வந்துவிட்டது, எழுத்துப்பிழை மட்டும் விட்டபாடில்லை. போன வருடம் ஜூனில் ஒரு கடிதம் மூன்று சிவப்பு வட்டத்தோடு மேசைக்குத் திரும்பி வந்தது. 'அக்காமடேட்', 'அக்கர்டு', 'சூப்பர்ஸீட்' ஆகிய மூன்று சொற்கள். மூன்றுக்கும் பொருள் தெரியும். எத்தனை 'சி', எத்தனை 'ஆர்', 'சி'யா 'எஸ்'ஸா என்பதில்தான் தடுமாற்றம். இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. ஒரு நோட்டுப் போட்டு ஒரு மாதம் என் பிழைகளை மட்டும் எழுதி வந்தேன். 43 சொற்கள் சேர்ந்தன. 'ஹவுஸ்', 'வாட்டர்', 'டாட்டர்' போன்ற வீட்டுச் சொற்களில் ஒரு பிழைகூட இல்லை. எல்லாம் நீளச் சொற்கள். பிழையும் இரண்டே வகை: ஓர் எழுத்து இரட்டிக்கிறதா இல்லையா என்பது ஒன்று, சொல்லின் வாலில் 'ஏ'யா 'ஈ'யா 'ஐ'யா என்பது மற்றொன்று. அகராதியில் ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடினேன். ஐந்தைத் தவிர மீதி எல்லாம் லத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை.

சரி, லத்தீன் வேர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாம் என்று இறங்கினேன். 150 வேர்கள், எதிரே பொருள். மூன்று வாரம் விடாமல் படித்தேன், ஒன்றும் நிற்கவில்லை. பட்டியலில் 'ஸெட், ஸீட், ஸெஸ்: செல்லுதல்' என்று ஒரு வரி இருக்கும். எந்த இடத்தில் ஸெட் வரும், எந்த இடத்தில் ஸெஸ் வரும் என்று அது சொல்லாது. தமிழ் படிக்க வந்த ஒருவரிடம் 'வா, வந், வரு: மூன்றும் ஒன்றே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது போன்றது அது. இலக்கணம் இல்லாத வேர் கையில் தங்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வழி காட்டியது என் மகளின் தமிழ்த் தேர்வு. பத்தாம் வகுப்பு. ஒரு ராத்திரி நோட்டைக் கொண்டுவந்து, "அப்பா, இந்த நடந்தனனைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றாள். நட, பகுதி. த், சந்தி, அது ந் ஆனது விகாரம். அடுத்த த், இறந்தகால இடைநிலை. அன், சாரியை. கடைசி அன், ஆண்பால் வினைமுற்று விகுதி. முப்பது வருடத்துக்கு முன் படித்தது வரிசை பிசகாமல் வந்தது. அவள் போனபிறகு அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'அக்காமடேட்' என்று எழுதி, அகராதியை வைத்துக்கொண்டு அதே மாதிரி பிரித்துப் பார்த்தேன்.

முன்னால் 'அட்', ஒன்றை நோக்கி என்று பொருள். அடுத்து 'கொம்', சேர்ந்து. அதன்பின் 'மொது', அளவு என்று பொருள்படும் மொதுஸ் என்ற சொல்லின் பகுதி. அளவோடு அளவு பொருந்தும்படி செய்தல், அதுதான் இடமளித்தல். 'அட்' என்பதன் ஈற்று மெய், பின்னால் வரும் 'சி'யைப் பார்த்துத் தானும் 'சி' ஆகிவிடுகிறது. ஆக அங்கே இரண்டு 'சி'. 'கொம்' என்பதன் ஈற்றில் ஓர் 'எம்', 'மொது' தொடங்குவது ஓர் 'எம்'. ஆக இரண்டு 'எம்'. எண்ணி மனப்பாடம் செய்ய இதில் எதுவுமில்லை. இது புணர்ச்சி. பொன்னும் தாமரையும் சேர்ந்தால் பொற்றாமரை ஆவது எப்படியோ அப்படி. மதுரையில் குளத்தின் பெயரை எழுதும்போது இரண்டு 'ற'வா ஒன்றா என்று நாம் யோசிக்கிறோமா?

அன்றைக்கே தொடக்கநிலை லத்தீன் பாடநூல் ஒன்றைப் பழைய புத்தகமாகத் தேடி வாங்கினேன். அட்டைகளுக்குச் செலவில்லை. பரணில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பின்பக்கத்தைச் சீட்டு அளவுக்கு வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து அட்டை, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும். விதி அவ்வளவுதான்.

லத்தீன் வேற்றுமைகளைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டோம் என்று ஆங்கிலவழியில் படித்த நண்பர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பயம் வரவில்லை. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஆறு. எழுவாய், ஐ, கு, அது, விளி ஆகிய ஐந்தும் ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடும். மிச்சமிருக்கும் நம் மூன்று, ஐந்து, ஏழாம் வேற்றுமைகளின் வேலையை லத்தீனில் ஒரே வேற்றுமை செய்கிறது. ஆல், ஓடு, இருந்து, இடத்தில் எல்லாம் அதற்குள் அடக்கம். பாடநூலின் தொடக்கத்தில் பார்த்த சொற்களை வைத்து 'புவெல்ல மாத்ரீ அக்வம் பொர்தத்' என்று ஒரு வாக்கியம் நானே அமைத்தேன். சிறுமி தாய்க்குத் தண்ணீரைச் சுமக்கிறாள். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை, வினை கடைசியில், 'ஒரு' 'அந்த' என்ற ஒட்டு எதுவும் கிடையாது. அக்வம் என்பதன் 'ம்'தான் நம் ஐ, மாத்ரீயின் 'ஈ'தான் நம் கு. ஆங்கிலேயர் ஒருவர் இந்த வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டித்தான் புரிந்துகொள்ள வேண்டும். நான் இடமிருந்து வலமாக அப்படியே படித்துவிட்டேன்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாலத்தில் எதிர்த்திசையில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. லத்தீன் வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தமிழுக்குள் வந்தார்கள். தமிழ் வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போகிறேன் என்று நினைத்தபோது மனதுக்குள் ஒரு தெம்பு.

எதிர்வீட்டு ஐயாவுக்கு எழுபத்தைந்து வயது. சின்னப் பையனாக இருந்தபோது கோயிலில் லத்தீன் பூசைக்கு உதவி செய்தவர். 1960களில் பூசை தமிழுக்கு மாறியது, அவருக்குச் சிறுவயதில் வாயில் ஏறியது மட்டும் போகவில்லை. "தொமினுஸ் வோபிஸ்கும்" என்று அவர் ராகத்தோடு சொன்னபோது நான் அட்டையில் எழுதிப் பிரித்தேன். வோபிஸ் என்பது 'உங்கள்' போன்றது. 'கும்' என்பது ஓடு. மற்ற இடங்களில் பெயருக்கு முன்னால் நிற்கும் இந்தக் 'கும்', நான், நீ, நாம், நீங்கள் வகைச் சொற்களோடு வந்தால் மட்டும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். உங்கள், ஓடு, உங்களோடு. உருபு வந்து சேரும் இடம்கூட ஒன்று.

இதற்கப்புறம் என் மேசையில் கிடந்த சொற்களே வேறு மாதிரித் தெரிந்தன. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் போனஃபைட் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிதேஸ் என்றால் நம்பிக்கை. போனா ஃபிதே என்பது அதன் மூன்றாம் வேற்றுமை: நல்ல நம்பிக்கையோடு. தீபாவளிக்கு வரும் போனஸும் இதே பெயரடைதான், 'நல்ல' என்பதன் ஆண்பால் வடிவம். போனஸோடு சேர்த்து நம் ஊரில் கருணைத் தொகை என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ் கிரேஷியா'. எக்ஸ் என்பது 'இருந்து', கிராதியா என்பது அருள். அருளிலிருந்து தருவது, உரிமையாகக் கேட்டு வாங்குவது கிடையாது. காப்பீட்டில் இந்த வேறுபாட்டுக்காக எத்தனை கோப்பு ஓடியிருக்கிறது! 'கோரம்', அதாவது கூட்டம் நடக்கத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் சங்கக் கூட்டம் தள்ளிப்போகும். கோரம் என்பது 'யாருடைய' என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பஸ். ஓம்னிஸ் என்றால் எல்லாம். ஓம்னிபுஸ் என்றால் எல்லாருக்கும். 1820களில் பிரான்சில் காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் சொல்லைச் சுருக்கும்போது தலையை வெட்டிவிட்டு வாலை வைத்துக்கொண்டார்கள். 'புஸ்' என்பது வெறும் நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு. 'எல்லாருக்கும்' என்ற சொல்லில் 'க்கும்' மட்டும் கழன்று வந்து நிறுத்தத்தில் நிற்கிறது. மகளிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ ஆம்னி பஸ்ஸுன்னு சொல்றோமே, அது முழு வார்த்தைதானேப்பா" என்றாள். அதுதான். வெட்டிய தலையை நாம் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறோம்.

இனி, என் எழுத்துப்பிழையைத் தீர்த்த உத்திக்கு வருகிறேன். லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். லத்தீனில் அ, எ, இ, ஒ, உ ஐந்துக்கும் குறில் நெடில் உண்டு. அதை ரோமன் எழுத்தில் காட்டத் தலைமேல் தனியாகக் கோடு போட வேண்டும். நம் எழுத்தில் அது தானாகவே வந்துவிடும். எ, ஏ, ஒ, ஓ வேறுபாடும் சேர்த்துத்தான். க, த, ப ஆகியவை மெலிந்து ஒலிக்கும் இடங்களில் அடிக்கோடு இட்டுக்கொண்டேன். பழைய ரோமர் உச்சரிப்பில் 'சி' எப்போதும் க ஒலிதான். எதிர்வீட்டு ஐயா கோயில் வழக்கப்படி 'பாச்செம்' என்பார், நான் 'பாகெம்' என்பேன். இரண்டும் மரபுதான். ஆனால் எழுத்துப்பிழையைத் தீர்க்கப் பழைய உச்சரிப்பே உதவும்.

முக்கியமான விஷயம், லத்தீனில் எழுத்து இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை, அதனால்தான் காதில் விழாத எழுத்து கையில் தவறுகிறது. தமிழ் நாக்குக்கோ ஒற்று என்பது தாய்ப்பால். படம் வேறு, பட்டம் வேறு. ஆகவே ஒரு சொல்லை எழுதுமுன் மனதுக்குள் ஒரு தடவை லத்தீன்போல் சொல்லிக்கொள்வேன். 'அக்-கொம்-மொ-தாரெ'. இரண்டு 'சி', இரண்டு 'எம்' காதிலேயே கேட்டுவிடும். 'அக்கர்' என்ற சொல் 'ஒக்-குர்-ரெரெ', எதிர்ப்பட ஓடிவருதல். குர்ரெரெ என்றால் ஓடுதல், அதில் பிறப்பிலேயே இரண்டு 'ஆர்'. விபத்து 'அக்கர்டு' என்று இருபது வருடம் எழுதியும் எனக்கு அந்த இரண்டாவது 'ஆர்' நிற்கவில்லை, இந்த ஒரு ஒலியில் நின்றுவிட்டது. 'ரெகமண்ட்' என்பதில் 'ரெ' தனியாக, அப்புறம் 'கொம்', 'மெந்'. அதனால் ஒரு 'சி', இரண்டு 'எம்'. 'டிஸப்பியர்' என்பது டிஸ், அப், பியர்: ஒரு 'எஸ்', இரண்டு 'பி'. 'ரிஸீப்ட்' என்பதில் வாயில் வராத 'பி' எங்கிருந்து வந்தது? 'ரெகெப்தும்' என்று சொல்லிப் பாருங்கள், 'ப்' கேட்கும். பிரெஞ்சு வழியாக வரும்போது தேய்ந்துபோன அந்த எழுத்தைப் படித்தவர்கள் லத்தீனைப் பார்த்துத் திரும்பப் போட்டார்கள். 'டெட்' என்ற கடனில் உள்ள 'பி'யும் அப்படித்தான், 'தேபிதும்' என்பதிலிருந்து மீட்டது.

'சூப்பர்ஸீட்' எனக்கு ஒரு தனிப் பாடம். 'புரொஸீட்', 'ஸக்ஸீட்', 'எக்ஸீட்' மூன்றிலும் 'சி' இருக்கிறதே என்று இதற்கும் 'சி' போட்டுவந்தேன். அவை கேதெரெ என்ற வேர், செல்லுதல். இது ஸெதேரெ என்ற வேர், உட்காருதல். ஆங்கில வாயில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். பழைய லத்தீனில் ஒன்று க, மற்றொன்று ஸ. புதிய பாலிசி பழையதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, அதுதான் சூப்பர்ஸீட். இதே ஸெதேரெதான் 'அஸெஸ்'. பக்கத்தில் உட்காருதல் என்று பொருள். நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பிட்டுச் சொன்ன உதவியாளரிடமிருந்து வந்த சொல். அட், ஸெஸ்: 'அஸ்-ஸெஸ்ஸ்'. நான்கு 'எஸ்' ஏன் என்று இப்போது கேட்கத் தோன்றவில்லை.

'அட்' எப்படியெல்லாம் முகம் மாறும் என்று ஓர் அட்டை முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். அக்ஸெப்ட், அஃபெக்ட், அக்ரவேட், அலகேட், அனவுன்ஸ், அப்ளை, அஸிஸ்ட், அட்டெண்ட். எல்லாம் இரட்டை. உயிர் வந்தாலோ 'எம்', 'வி' வந்தாலோ மாறாமல் நிற்கும்: அடாப்ட், அட்மிட், அட்வைஸ். 'இன்' என்பதும் இப்படியே. இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர். பெரும் என்பதோடு காயம் சேர்ந்தால் பெருங்காயம், தலைவர் சேர்ந்தால் பெருந்தலைவர் ஆகிறதே, வாய் தன் வசதிக்குச் செய்யும் அதே வேலை.

மூன்றாவது மாதம் வினைச்சொற்களுக்குள் போனேன். லத்தீன் அகராதியில் ஒரு வினைக்கு நான்கு வடிவம் கொடுத்திருப்பார்கள். ஆரம்பத்தில் சலிப்பாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலம் அந்த நான்கில் இரண்டைத் தனித்தனியாக வாங்கி வைத்திருக்கிறது. 'மித்தோ, மித்தெரெ, மீஸீ, மிஸ்ஸும்', அனுப்புதல். இரண்டாவதிலிருந்து பெர்மிட், சப்மிட், அட்மிட். நான்காவதிலிருந்து பெர்மிஷன், சப்மிஷன், அட்மிஷன், மிஸைல். 'ஸ்க்ரீபெரெ, ஸ்க்ரீப்தும்', எழுதுதல்: டிஸ்கிரைப் ஒரு பக்கம், டிஸ்கிரிப்ஷன் மறுபக்கம். 'பெல்லெரெ, புல்ஸும்', தள்ளுதல்: எக்ஸ்பெல், எக்ஸ்பல்ஷன், கம்பெல், கம்பல்ஷன். வா என்பது வந்தான் ஆவதும் வருகிறான் ஆவதும் நமக்குப் பழக்கம் என்பதால் இது உறுத்தவில்லை.

வாலில் 'டி' வருமா 'எஸ்' வருமா என்ற என் பழைய சந்தேகமும் இங்கேதான் தீர்ந்தது. நான்காவது வடிவம் 'தும்' என்று முடிந்தால் 'டி', 'ஸும்' என்று முடிந்தால் 'எஸ்'. டிவிஷன், டிசிஷன் எல்லாம் ஸும் வகை. தெந்தெரெ, இழுத்து நீட்டுதல், என்ற வினை மட்டும் படுத்தியது. 'அட்டென்ஷன்' என்பதில் 'டி', 'எக்ஸ்டென்ஷன்' என்பதில் 'எஸ்', வேரோ ஒன்றே. தேடிப் பார்த்தால் அந்த வினைக்கு நான்காவது வடிவமே இரண்டு: தெந்தும், தென்ஸும். ரோமரிடமே இரட்டை வழக்கு இருந்தால் நாம் என்ன செய்வது, இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

முற்றுவினையாகவே ஆங்கிலத்துக்குள் வந்து பெயர்ச்சொல்லாக உட்கார்ந்துவிட்டவையும் உண்டு. வீடியோ, காண்கிறேன். ஆடியோ, கேட்கிறேன். வீட்டோ, தடுக்கிறேன். கண்டேன் என்றால் நான் என்று தனியே சொல்ல வேண்டாத மொழிக்காரருக்கு இதில் விளக்கமே தேவையில்லை. அஃபிடவிட் என்றால் உறுதி கூறினான். அந்த 'இட்' நம் ஆன் விகுதி. செய்தித்தாளில் வரும் கேவியட் மனு, எச்சரிக்கையாக இருப்பாராக. ஆட்கொணர்வு மனுவின் ஹேபியஸ் கார்ப்பஸ், உடலை நீ கொண்டிருப்பாயாக. இரண்டும் வாழ்க, வருக போன்ற வியங்கோள்.

அம்மாவின் மருந்துச் சீட்டிலும் லத்தீன் கிடைத்தது. 'பி.டி.' என்பது பிஸ் தியே, நாளில் இருமுறை. 'டி.டி.எஸ்.' மூன்று முறை எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒரு மாத்திரைக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்று போட்டிருந்ததைப் பார்த்து, ஏதோ உயிர் போகும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மா தலைவலியோடு இரண்டு நாள் அதைத் தொடாமலே இருந்திருக்கிறார். 'ஸீ ஒபுஸ் ஸித்', தேவைப்பட்டால். அவ்வளவுதான் அதன் பொருள்.

இது எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். 'ஆண்ட்' என்ற ஈறா 'எண்ட்' என்ற ஈறா என்பதற்கு லத்தீனில் அழகான விதி இருக்கிறது. 'ஆரெ' என்று முடியும் வினைகள் 'ஏ' எழுத்துப் பக்கம், மற்றவை பெரும்பாலும் 'ஈ' எழுத்துப் பக்கம். இம்பார்ட்டண்ட், இக்னரண்ட் எல்லாம் முதல் வகை; ஸ்டூடெண்ட், ரெஸிடெண்ட் இரண்டாம் வகை. ஆனால் 1066இல் நார்மன் படை இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் இந்த விதியைக் கலைத்துவிட்டன. பிரெஞ்சில் பெரும்பாலும் 'ஏ' பக்கம்தான். 'பெர்ஸிஸ்டண்ட்', 'ரெஸிஸ்டண்ட்' இரண்டும் ஒரே வேர். முதலாவதில் 'ஈ', இரண்டாவதில் 'ஏ'. 'அக்ரீ' என்பதிலும் 'அட்' இருக்கிறது, 'ஜி' இரட்டிக்கவில்லை, பிரெஞ்சு வாய் அதைத் தேய்த்துவிட்டது. இப்படிப்பட்ட பதினோரு சொற்களைத் தனியாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவற்றுக்கு மனப்பாடம்தான்.

அதே பிரெஞ்சு வழி ஒரு வேடிக்கையையும் காட்டியது. எங்கள் சர்வேயரும் கட்டட வேலையில் நிற்கும் சூப்பர்வைசரும் ஒரே சொல். மேலே நின்று பார்ப்பவர். ஒன்று பிரெஞ்சில் தேய்ந்து வந்தது, மற்றொன்று லத்தீனிலிருந்து முழுசாக எடுத்தது.

வேரை நம்பி ஏமாந்ததும் உண்டு. 'சப்ரொகேஷன்' என்ற சொல்லைப் பிரித்தால் கீழே, கேட்டல் என்று வந்தது. கீழ் அலுவலகத்திடம் விளக்கம் கேட்பது என்று நானாக எடுத்துக்கொண்டு ஒரு குறிப்பை எழுதிவிட்டேன். உண்மையில் இழப்பீடு கொடுத்த நிறுவனம், பாலிசிதாரரின் இடத்தில் நின்று, சேதம் செய்தவரிடம் பணம் கேட்பது அது. 'சப்' என்பதற்கு 'இன்னொருவர் இடத்தில்' என்ற பொருளும் உண்டு, சப்ஸ்டிட்யூட் மாதிரி. பிரித்துப் பார்த்தபிறகு அகராதியைத் திறக்காமல் எழுதுவதில்லை என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய தவறு ஆறாவது மாதத்தில் நடந்தது. படித்த சொற்களெல்லாம் கடிதத்தில் வந்து உட்கார ஆரம்பித்தன. மழைத் தண்ணீர் புகுந்து சரக்கு நாசமான ஒரு மளிகைக்கடை அம்மாவுக்கு, 'ரெக்விஸிட் டாகுமெண்ட்ஸ்' வந்துசேரும்வரை அவர் கோரிக்கைக்கு 'அக்ஸீட்' ஆக, அதாவது இசைய, இயலாமைக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா கடிதத்தோடு நேரில் வந்தார். "தம்பி, இதுல ரூவா உண்டுன்னு போட்டிருக்கா, இல்லன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். அவர் கொண்டுவர வேண்டியது சரக்குப் பதிவேடு ஒன்று மட்டும். அதை அந்தக் கடிதம் அவரிடம் சொல்லவில்லை. கடை மூடிக் கிடந்த இரண்டு வாரம் என்னால் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே மனம் ஒப்பவில்லை.

மறுநாளிலிருந்து அட்டையில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன். 'கமென்ஸ்' என்றால் பக்கத்தில் 'பிகின்', 'டெர்மினேட்' என்றால் 'எண்ட்', 'அஸிஸ்ட்' என்றால் 'ஹெல்ப்', 'அப்டெய்ன்' என்றால் 'கெட்', 'என்குவையர்' என்றால் 'ஆஸ்க்'. பின்னால் உள்ளவை ஆங்கிலத்தின் சொந்த வீட்டுச் சொற்கள், ஜெர்மானிய வேர். தமிழில் ஆரம்பிப்பதும் தொடங்குவதும்போல இரண்டு அடுக்கு. லத்தீன் அடுக்கைப் படித்துப் புரிந்துகொள்ளவும் பிழையில்லாமல் எழுதவும் பயன்படுத்துகிறேன். ஒருவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் வீட்டுச் சொல்லையே எடுக்கிறேன். அந்த அம்மாவுக்கு எழுதிய அடுத்த கடிதம் நான்கு வரி ஆங்கிலம், கீழே நான்கு வரி தமிழ். மேலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு ஆங்கிலத்துக்கு இந்தப் படிப்பால் பெரிய பயன் இல்லை. 'புட் ஆஃப்', 'லுக் இன்டு' மாதிரி அன்றாடம் தொலைபேசியில் வருபவை லத்தீன் வழியில் வராது. 'ஏ', 'தி' எங்கே போடுவது என்பதற்கும் உதவாது, லத்தீனிலேயே அவை கிடையாது. அவற்றுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு தனியாகத்தான் உழைக்க வேண்டும், அதை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

யாராவது முயன்று பார்க்க நினைத்தால் என் வரிசையைச் சொல்கிறேன். முதலில் சொந்தப் பிழைகளின் பட்டியல். அப்புறம் முன்னொட்டுகள் ஒரு பதினைந்து, அவை புணரும் விதத்தோடு. பிறகு வினை முப்பது, நான்கு வடிவத்தோடு, தமிழ் எழுத்தில், வாய்விட்டுச் சொல்லி. வேற்றுமையை எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்ச்சொல் வகை ஐந்தையும் முழுசாக ஒப்பிக்க நான் இரண்டு மாதம் செலவிட்டேன். ஆங்கிலத்துக்காக மட்டும் படிப்பவருக்கு முதல் மூன்று போதும். என் நோட்டில் அந்த 43 சொற்களை மார்ச் மாதம் மகளை விட்டுச் சொல்லச் சொல்லி எழுதிப் பார்த்தேன். நான்கு தவறின. நான்கும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலைச் சேர்ந்தவை.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஐயா தானாக வந்தார். சிறுவயதில் மனப்பாடம் செய்த கர்த்தர் செபத்தை லத்தீனில் முழுக்கச் சொல்வேன், சொல்லுக்குச் சொல் என்ன பொருள் என்று மட்டும் இதுவரை தெரியாது, பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அன்றன்றைய அப்பத்தைக் கேட்கும் வரி வந்தது. 'பானெம் நோஸ்த்ரும்', எங்கள் அப்பத்தை. அந்த 'ம்'தான் ஐ என்று காட்டினேன். 'நோபிஸ்', எங்களுக்கு. அதற்கு முன்னால் நிற்பது 'தா'. அதற்கு என்ன பொருள் என்று அவர் கேட்டார். தா என்றால் தா தான் ஐயா என்றேன். இரண்டு மொழிக்கும் உறவில்லை, ஒலி தற்செயலாகப் பொருந்தியது. அவர் அந்த வரியை மட்டும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மறுபடி சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு பழைய பத்திரிகை அட்டையை எடுத்து, "பானெம்முக்கு ஒரு சீட்டுப் போடுங்க" என்றார். முன்பக்கம் 'பானிஸ், அப்பம்' என்று எழுதினேன். பின்பக்கம் 'கம்பானியன், கம்பெனி: கூட உட்கார்ந்து அப்பம் தின்பவர்' என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன்.